ஒத்தப் பல்லு, ஒரே சான்ஸ்

டிஎன்ஏ லேப்ல வேலைன்னு சொன்னா போதும், கேக்குறவங்க கண்ணுல ஒரு மரியாதை வந்துரும். அவங்க மனசுல ஓடுறது ஸ்க்ரீன்ல கலர் கலரா ஏறி இறங்குற கிராஃப், "மேட்ச் ஆயிருச்சு"ன்னு ஒருத்தர் பேப்பரோட ஓடி வர்ற சீன். நான் போன வாரம் பூரா பண்ணதை உள்ளபடி சொல்லணும்னா, ரெண்டு பல்லைப் பொடிச்சேன், மிச்ச நேரமெல்லாம் பொடிச்ச சாமானைக் கழுவிக்கிட்டு இருந்தேன், அவ்ளோதான். ஆனா கேஸ் உருப்படுறதும் உருப்படாம போறதும் பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எங்க டேபிளுக்கு வர்றப்போ அது தலைகீழ். ஆளே போயாச்சு, முகம் தெரியல, ரேகை எடுக்க விரல் இல்ல, பல்லு மட்டும் கம்முனு தாடைல உக்காந்திருக்கும். தீ, தண்ணி, மண்ணு எல்லாத்தையும் ஓரளவு தாங்கும், ஏன்னா மேல இருக்குற எனாமல் எடைல கிட்டத்தட்ட 96 சதவீதம் தாதுதான், உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள் அது. அதுக்குக் கீழ டென்டின்ல தாது சுமார் 70 சதவீதம். இந்தக் கெட்டித்தனம்தான் உள்ள இருக்குற டிஎன்ஏவை இத்தனை நாள் காப்பாத்தி வச்சிருக்கு, நம்ம உயிரை வாங்குறதும் அதேதான். செத்தவர் யாருன்னு தெரிஞ்சுக்க அந்த டிஎன்ஏவை வெளிய எடுக்கத்தான் பல்லைப் பொடிக்கிறோம்.

இதுல ஒரு விஷயம், எனாமல்ல செல்லே கிடையாது, அதனால டிஎன்ஏன்னு பாத்தா அது வெறும் ஹெல்மெட். சரக்கு இருக்குறது ரெண்டு இடத்துல. ஒண்ணு நடுவுல இருக்குற பல்ப், ரத்தக்குழாய் நரம்பெல்லாம் ஓடுற மெத்துனு ஒரு சதை, புதுசா இருந்தா அதுலதான் டிஎன்ஏ கொட்டிக் கிடக்கும், ஆனா ஆள் செத்தப்புறம் முதல்ல கெடுறதும் அதுதான். இன்னொண்ணு வேரைச் சுத்தி மெல்லிசா பூசின மாதிரி இருக்குற சிமென்டம், அதுவும் வேர் நுனிப் பக்கம் கொஞ்சம் தடிமனா, உள்ள செல்லுங்க மாட்டிக்கிட்டு இருக்கும். பல வருஷம் மண்ணுல கிடந்த பல்லுன்னா பல்ப் காஞ்சு ஒண்ணுமில்லாம போயிருக்கும், சிமென்டம்தான் கை குடுக்கும். அதனாலதான் கடைவாய்ப் பல்லு வந்தா நாங்க சந்தோஷப்படுவோம், வேர் நிறைய, பல்ப் அறையும் பெருசு. சொத்தை இல்லாம, ஃபில்லிங் இல்லாம இருந்தா இன்னும் நல்லது.

தொடுறதுக்கு முன்னாடி போட்டோ, எக்ஸ்ரே, எடை. எத்தனை அவசரம்னு மேல இருந்து போன் வந்தாலும் இதை மட்டும் தாண்டக் கூடாது. பொடிச்சப்புறம் "அந்தப் பல்லுல கிரௌன் போட்டிருந்துச்சா"ன்னு யாராவது கேட்டா பொடியைக் காட்டியா பதில் சொல்ல முடியும்.

அடுத்தது மேல் அழுக்கு. அழுக்குன்னா மண்ணு மட்டும் இல்ல, அதைத் தோண்டினவர், எடுத்தவர், கவர்ல போட்டவர் எல்லாரோட டிஎன்ஏவும் மேல ஒட்டியிருக்கும். பிளேடால லேசா சுரண்டி, தண்ணி கலந்த பிளீச்சுல கொஞ்ச நேரம், அப்புறம் சுத்தமான தண்ணி, அப்புறம் எத்தனால், காய வச்சு 254 நானோமீட்டர் யூவி லைட்டுக்கு அடியில. யூவி படாத பக்கம் அப்படியே இருக்கும்ங்கிறதால பல்லைத் திருப்பித் திருப்பி வைக்கணும், புதுசா வர்ற பசங்க இதைத்தான் மறப்பாங்க. பிளீச்சுல ரொம்ப நேரம் ஊற வச்சா இன்னும் சுத்தமாகும்னு நினைக்காதீங்க, டென்டின் பூரா கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்தான், விரிசல் வேற இருந்தா பிளீச் உள்ள போயி எது வேணும்னு தேடுறோமோ அதையே தின்னுரும்.

அப்புறம் கட்டிங். டைமண்ட் டிஸ்க் மாட்டின சின்ன ரோட்டரி டூல். பல்லோட தலையும் வேரும் சேர்ற கழுத்துல குறுக்க அறுத்து, தலையைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு வேரை மட்டும் பொடிக்கிறது எனக்குப் பிடிச்ச முறை. பல்லோட உருவத்துல பாதி மிஞ்சும், செல்லே இல்லாத எனாமலை எதுக்கு வீணா சேத்துப் பொடிக்கணும். ஸ்பீடை ஏத்திரக் கூடாது. ஏத்தினா டிஸ்க் உரசுற இடம் சூடாகி ஒரு வாடை வரும், டென்டிஸ்ட் சேர்ல வாயைப் பொளந்துக்கிட்டு படுத்த யாருக்கும் தெரியும், அந்தக் கருகின வாடை. அது மூக்குல ஏறுதுன்னா அந்த இடத்துல டிஎன்ஏ வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் அறு, நிறுத்து, ஆற விடு, மறுபடி அறு. கிளம்புற தூசியும் மனுஷ தூசிதான், ஹூட்டுக்கு, அதாவது காத்தை உறிஞ்சுற பெட்டிக்கு, வெளிய பறந்தா அடுத்த கேஸ்ல போய் உக்காந்துக்கும்.

இப்போ ஹீரோ என்ட்ரி, ஃப்ரீசர் மில். பாக்க ஒரு பெரிய பெட்டி, உள்ள திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. பல்லுத் துண்டைப் போடுற ட்யூப் பாலிகார்பனேட், ரெண்டு முனையிலயும் ஸ்டீல் மூடி, உள்ள ஒரு ஸ்டீல் உருளை. சுத்தி இருக்குற கம்பிச் சுருள்ல கரண்ட் மாறி மாறி போறப்போ காந்த சக்தில அந்த உருளை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பறந்து பறந்து இடிக்கும், ரெண்டு பக்கமும் உரல் இருந்து நடுவுல ஒரு உலக்கை மாட்டிக்கிட்டா எப்படி இருக்கும், அப்படி. வெளிய கேக்குறது கடகடகடன்னு ஒரு சத்தம்தான். பத்து நிமிஷம் முன்கூட்டியே குளிர வச்சுட்டா இடிக்கிறது ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். அவ்ளோ குளிர்ல பல்லு கண்ணாடி மாதிரி நொறுங்கும், இடிக்கிறப்போ வர்ற சூட்டையும் நைட்ரஜன் இழுத்துக்கும். பொடி இன்னும் நைசா வரட்டும்னு சும்மா ஓட்டிக்கிட்டே இருக்காதீங்க, டிஎன்ஏ இழையும் சேந்து துண்டு துண்டாயிரும்.

நைட்ரஜன்கிட்ட விளையாட்டு வேணாம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானா கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு ஆகும், காத்தோட்டம் இல்லாத ரூம்ல ஆக்சிஜனைத் தள்ளிட்டு அது உக்காந்துக்கும், மயக்கம் வர்றதே தெரியாது, அதனால ஆக்சிஜன் அலாரம் இல்லாத ரூம்ல நான் மில்லைத் தொடவே மாட்டேன். கிளவுஸ் கூட கொஞ்சம் லூசா இருக்கணும், உள்ள சிந்திருச்சுன்னா ஒரே உதறுல கழட்டி எறியணும்ல.

என் முதல் சொதப்பல் இந்த மில்லுலதான். ட்யூபை வெளிய எடுத்தேன், ஆர்வக்கோளாறு, அது ரூம் சூட்டுக்கு வர்றதுக்குள்ள மூடியைத் திருகித் திறந்துட்டேன். காத்துல இருந்த ஈரமெல்லாம் உள்ள பாஞ்சு பனியா படிஞ்சு, கோலப்பொடி மாதிரி இருக்க வேண்டிய பொடி ஈரமாகி சுவத்துல அப்பிக்கிச்சு. நல்லவேளை அது பயிற்சிக்குக் குடுத்த பல்லு. அடுத்த தடவை பொறுமையா காத்திருந்து திறந்தேன், இப்போ ஸ்டாட்டிக் கரண்ட், பொடி ட்யூபை விட்டுக் குதிச்சு என் கிளவுஸ்ல ஒட்டுது, எடைக் காகிதத்தை நீட்டுனா அது பக்கம் வராம எதிர்ப் பக்கம் போகுது. அரை கிராம் கூட இல்லாத பொடி அது. மூச்சு விட்டாலே பறக்கும், அதனால மூச்சை அடக்கிக்கிட்டு, ட்யூபை விரலால லேசா தட்டித் தட்டி இறக்குறது ஒரு தனிக் கலை, எந்த லேப் செய்முறைக் குறிப்புலயும் எழுதியிருக்காது.

மில் இல்லாத லேப்ல கல்வம் குழவில நைட்ரஜன் ஊத்தி கையாலயே இடிப்பாங்க, துண்டு தெறிச்சு ஓடும், எனக்கு அது ஆகாது. இன்னும் சில பேர் பொடிக்கவே மாட்டாங்க, வேர் நுனியை அப்படியே ஈடிடிஏங்கிற ரசாயனக் கரைசல்ல போட்டு நாள் கணக்கா ஊற வச்சு தாதுவைக் கரைச்சு எடுப்பாங்க. டைம் இருந்தா மோசமான வழி இல்ல, தூசியும் இல்ல, மில்லும் வேணாம். ஆனா எங்களுக்கு டைம் எப்போ இருந்துச்சு.

இனி கழுவுற கதை. பொடிக்க ரெண்டு நிமிஷம்னா கழுவ அரை நாள். உருளை, மூடிங்க எல்லாத்தையும் பிரஷ் போட்டுத் தேச்சு, பிளீச், தண்ணி, எத்தனால், யூவி. நீராவி அழுத்தத்துல வேக வைக்கிற ஆட்டோகிளேவ்ல போட்டா முடிஞ்சுதுன்னு சில பேர் நினைக்கிறாங்க, அது கிருமியைத்தான் கொல்லும், டிஎன்ஏ துண்டுங்க தப்பிச்சு நிக்கும். சரி பிளீச்சுலயே கூடுதலா இருக்கட்டும்னு ஒரு நாள் ராத்திரி பூரா ஊற விட்டுட்டுப் போனேன், காலைல வந்து பாத்தா ஸ்டீல் மூடியோட பள்ளத்துல செம்மண் கலர்ல துரு. துரு புடிச்ச இடம் சொரசொரன்னு ஆயிருச்சுன்னா போன பல்லோட பொடி அங்கதான் குடியிருக்கும், அதனால அதைத் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு, வாங்கிக்கட்டிக்கிட்டேன்.

கழுவினது சரியான்னு எப்படித் தெரியும்? பல்லே போடாம காலி ட்யூபை மில்லுல ஓட்டி, உள்ள சுத்தமான தண்ணியை விட்டு அலசி, அந்தத் தண்ணியை ஒரு சாம்பிள் மாதிரியே கடைசி வரைக்கும் கொண்டு போவோம். அதுல ஒண்ணுமே வரக்கூடாது. ஒரு தடவை வந்துச்சு. முழுசா இல்ல, அரைகுறை புரொஃபைல், அதாவது யாரோ ஒருத்தரோட டிஎன்ஏ அடையாளம். போன கேஸ் ஆளா இருக்குமோன்னு வயித்தைக் கலக்குது, பழைய கேஸ் எல்லாத்தையும் திறக்கணுமேன்னு. எங்க ஸ்டாஃப் எல்லாரோட புரொஃபைலும் இதுக்குன்னே சேவ் பண்ணி வச்சிருப்போம், அதோட ஒப்பிட்டுப் பாத்தா அது நான். நானேதான். மாஸ்க் மூக்குக்குக் கீழ இறங்கினதைக் கவனிக்காம, பக்கத்து டேபிள்ல இருந்தவர்கிட்ட பேசிக்கிட்டே ட்யூபைத் திறந்திருக்கேன். அதுல இருந்து ட்யூப் கைல இருக்குறப்போ யார் கூப்பிட்டாலும் எனக்குக் காது கேக்காது.

பொடி கைக்கு வந்தப்புறம் கதை கொஞ்சம் ஈஸி. 0.5 மோலார் ஈடிடிஏ, பிஹெச் 8, கூட புரதத்தைத் தின்னுற புரோட்டினேஸ் கேங்கிற என்சைம், 56 டிகிரில ராத்திரி பூரா ஆடிக்கிட்டே இருக்கும், காலைல பொடி முக்காவாசி கரைஞ்சு காணாம போயிருந்தா நல்ல சகுனம். ஆனா கரைஞ்ச கால்சியம், டிஎன்ஏவைப் பல மடங்கா காப்பி எடுக்குற பிசிஆருக்கு ஆகாது, கரைச்ச ஈடிடிஏவும் மெக்னீசியத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு பிசிஆரைக் கெடுக்கும், அதனால ஃபில்டர்லயும் சிலிக்கா அடைச்ச குழாய்லயும் நல்லா கழுவித்தான் அனுப்பணும். பாத்தீங்களா, இங்கயும் கழுவுறதுதான். அதுக்கப்புறம் எவ்ளோ இருக்கு, எவ்ளோ சிதைஞ்சிருக்குன்னு ரியல் டைம் பிசிஆர்ல அளந்துட்டு, ஆளுக்கு ஆள் மாறுற டிஎன்ஏ இடங்களைப் பாக்குற எஸ்டிஆர் டெஸ்ட் ஓட்டுவாங்க. ரொம்ப சிதைஞ்சிருந்தா, செல்லுக்குள்ளயே தனியா டிஎன்ஏ வச்சிருக்குற மைட்டோகாண்ட்ரியா பக்கம் போவாங்க, வெறும் 16,569 எழுத்துதான், ஆனா ஒரு செல்லுலயே நூத்துக்கணக்குல காப்பி கிடக்கும், அம்மா வழி சொந்தம் ஒருத்தர் கிடைச்சா ஒப்பிட்டுப் பாக்கலாம். அதெல்லாம் அடுத்த ரூம் ஆளுங்க வேலை, கிராஃபும் மரியாதையும் அவங்களுக்குத்தான்.

இன்னைக்குப் பொடிச்சது ஒரு கடைவாய்ப் பல்லு, வந்தது அது ஒண்ணுதான். ஒரு கால்வாசிப் பொடியைத் தனியா எடுத்து ஃப்ரீசர்ல போட்டுட்டேன், மிச்சம் இப்போ இன்குபேட்டர்ல ஆடிக்கிட்டு இருக்கு. பிளீச்சுல உருளை ரெண்டு, மூடி நாலு. இந்தத் தடவை பக்கத்துல டைமர் வச்சிருக்கேன், அது கத்துது, வர்றேன்.