முப்பது பவுண்டு ஹம்மிங்

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் தொடங்கி அம்மாப்பேட்டை வரை ஆர்க்கெஸ்ட்ரா மேடைதான். நோட்டீஸில் மெயின் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஹம்மிங் கொடுக்கிற பெண்ணின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. அந்தப் பெண்கள் அவசியம் கேட்க வேண்டிய குரல் இங்கிலாந்துப் பாடகி கிளேர் டோரி.

1973 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோ. பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை', குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட் பியானோவில் போட்ட டிராக். பாட வரி கிடையாது. கவர் பாட்டு, அதாவது பிறர் ஹிட்டுகளைத் திரும்பப் பாடிக்கொண்டிருந்த டோரியைக் கூப்பிடச் சொன்னவர் சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ். டோரி 'பேபி, பேபி' என்று ஆரம்பித்தார். வார்த்தையே வேண்டாம் என்றார்கள். சரி, தொண்டையும் ஒரு வாத்தியம் என்று வைத்துக்கொண்டார். இரண்டு டேக் (ஒரு முறை பாடிப் பதிவது ஒரு டேக்) முழுசாக. மூன்றாவதில், பாடினதையே பாடுகிறோம் என்று பட்டதும் பாதியில் நிறுத்திவிட்டார். நாம் கேட்பது அந்த டேக்குகளை வெட்டி ஒட்டியதைத்தான்.

கூலி 30 பவுண்டு. அதுவும் ஞாயிறு என்பதால் இரட்டிப்பு! மெட்டில் தன் பங்குக்காக 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமான பிறகுதான் பாட்டை உருவாக்கியவர் என்று ரைட் பெயரோடு இவர் பெயரும் ஏறியது. நியாயமான வழக்கு. குரல் வருகிற இடத்தில் ஜி மைனர் செவன்த், சி நைன்த் என்று இரண்டு கார்டுதான் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக வாசிப்பது) பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வருகிறது. மெட்டு முழுக்க அவர் தொண்டையில்.

இந்தப் பாட்டைப் பாடிப் பார்க்கிறவர்கள் சறுக்குவது உச்சத்தில் இல்லை, இறக்கத்தில். எடுத்த எடுப்பில் மூச்சைக் கொட்டிவிட்டால், அடங்கிப் பாடும் இடத்தில் சுருதி இறங்கிவிடும். உச்சத்தில் மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அடங்கும்போது உதட்டருகே கொண்டுவாருங்கள். மிக்ஸர்காரர் எக்கோவை ஏற்றிவைத்தால் முந்தின கத்தல் வந்து மெல்லிய இடத்தை மூடிவிடும், முன்பே சொல்லிவையுங்கள். தனியாக முடியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1994 டூரில் பிங்க் ஃபிளாய்டே இதை சாம் பிரவுன், துர்கா மெக்புரூம், கிளாடியா ஃபோன்டெய்ன் என மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தது. கனத்த குரல் முதலில், மென்குரல் கடைசியில். ஒருவர் இழுத்து நிறுத்துகிற ஸ்வரத்திலேயே அடுத்தவர் எடுத்தால் ஒட்டுத் தெரியாது.

ரெக்கார்டிங்கில் "சும்மா ஏதாவது ஹம் பண்ணும்மா" என்றால், மெட்டும் நீங்கள்தான் போடுகிறீர்கள் என்று அர்த்தம். பெயர் எப்படி வரும், பணம் எவ்வளவு என்பதை ஹெட்போன் மாட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.