அம்மாவின் மருந்துகளை ஒப்படைக்க மூன்று நடை

அம்மாவை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதற்கான படிவங்களும் பரிசோதனையும் ஒரே காலையில் முடிந்தன. அவருடைய மருந்துகளை ஒப்படைக்கத்தான் மூன்று நடை நடந்தேன்.

முதல் நாள், வேளைவாரியாகப் பிரித்த பெட்டியில் ஒரு வார மாத்திரைகளை அடுக்கிக் கொண்டுபோனேன். அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரை எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று செவிலியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் சேர்க்கையின்போது தந்த தாளில் இதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

இரண்டாம் முறை அட்டைகளோடு போனேன். கடையில் வெட்டிக் கொடுத்த இரண்டு அட்டைகளில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது. காலாவதித் தேதி வெட்டுப்பட்ட துண்டோடு போய்விட்டது. வீட்டில் பயன்படுத்திக்கொண்டிருந்த இன்சுலின் குப்பியை என்றைக்குத் திறந்தோம் என்று கேட்டபோதும் என்னிடம் பதில் இல்லை. பல வகை இன்சுலின்களைத் திறந்த 28 நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால், அதையும் ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்க நேர்ந்தது. முழு அட்டையாகவே கேட்டு வாங்குங்கள். குப்பியைத் திறக்கும் அன்றே தேதியை எழுதிவிடுங்கள்.

மூன்றாம் முறை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து அம்மாவைப் பார்க்கப் போனபோது, மருந்துகளை வைத்திருக்கும் இடத்தைக் காட்டும்படி கேட்டேன், கேட்டது நல்லதாயிற்று. அலமாரி பூட்டியிருந்தது, சாவி செவிலியரிடமே இருந்தது. ஆனால் குளிர்பெட்டியில் வெப்பமானி இல்லை. இன்சுலின் குப்பி உறைபெட்டியை ஒட்டி, வெண்பனி படிந்து நின்றது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. அருகில் ஒரே மாதிரியான இரண்டு கண் சொட்டு மருந்துக் குப்பிகள் இருந்தன. அம்மாவின் பெயரை வெளி அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்தார்கள், அந்தப் பெட்டியோ குப்பைக்குப் போயிருந்தது. எது அம்மாவுடையது என்று அங்கிருந்த யாராலும் சொல்ல முடியவில்லை.

இரண்டு சொட்டு மருந்துகளையும் இன்சுலினையும் அகற்றி, புதியவற்றை வைக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. பெயர்ச்சீட்டைக் குப்பியின் மீதே ஒட்ட வேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது குளிர்பெட்டிக்குள் வெப்பமானி தொங்கியது. நடுத்தட்டில் இருந்த குப்பியில் அம்மாவின் பெயரும் திறந்த தேதியும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன.