வயிற்றில் புலி

குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறோம். வருகிறவர்களோடு பேசுவது என் வேலை. சமையலும் அதிகாரமும் அத்தையுடையவை. அத்தை ஐந்தாவதுதான் படித்தவர் என்றாலும் டீ ஃபேக்டரியில் இருபது வருஷம் இருந்ததில் இங்கிலீஷ் வார்த்தைகள் தனித்தனியாக நிறையத் தெரியும். வில்லங்கமே அந்தத் 'தனித்தனியாக'தான்.

போன டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஊட்டி ஏரியில் படகில் போகலாமே என்றேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, "நாட் மை கப் ஆஃப் டீ" என்றார். அதில் தனக்கு நாட்டமில்லை என்கிறார். அத்தை சத்தமில்லாமல் அவர் முன்னாலிருந்த டம்ளரை எடுத்துப்போய், வேறு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பாவம், அதையும் குடித்தார்.

பெரிய கூத்து மூன்றாம் நாள் ராத்திரி. மறுநாள் மேட்டுப்பாளையத்துக்கு மலை ரயிலில் இறங்க டிக்கெட் எடுத்திருந்தார்கள். மனிதர் ரயில் பைத்தியம். சாப்பிட உட்கார்ந்ததும் மனைவிக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். ஊட்டி வரை மொத்தம் 250 பாலம், 208 வளைவு, 16 குகை. குன்னூருக்கும் கல்லாறுக்கும் நடுவே சரிவு அதிகம், அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள பல்சட்டத்தை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும். பெருமையாகத்தான் சொன்னார்.

"கவ்வாவிட்டால்?" என்றார் அந்த அம்மா. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

"ஐ ஆம் கெட்டிங் கோல்ட் ஃபீட்."

ஒத்துக்கொண்ட காரியத்தில் கடைசி நேரத்தில் பயம் வந்து, பின்வாங்கத் தோன்றினால் அப்படிச் சொல்வார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை ஒரு பக்கெட் வெந்நீர், கல்லுப்பு, மாமாவின் கம்பளி சாக்ஸ் சகிதம் வந்து நின்றார். அத்தையையும் குறை சொல்ல முடியாது. டிசம்பர் மாசக் குன்னூரில் கால் சில்லிடாமல் இருந்தால்தான் அதிசயம். அந்த அம்மாவும் மறுபேச்சில்லாமல் காலை உள்ளே விட்டுவிட்டார்.

அப்புறம் அர்த்தத்தை விளக்கினேன். அத்தை ஒப்பவில்லை.

"பயந்தா வயித்துல புளியக் கரைக்கும் கண்ணு. காலு எதுக்குச் சில்லுனு ஆகோணும்?"

அதை நான் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பக்கெட்டில் கால் வைத்தபடியே சொல்லிச் சொல்லிப் பழகினார். என்ன, 'ள' மட்டும் வரவில்லை.

மறுநாள் மதியம் கிளம்பும்போது, வாசலில் நின்று வயிற்றைத் தொட்டுக் காட்டி, "அத்தை, வயித்துல புலி!" என்றார்.

அத்தை பதறிவிட்டார். "புலியா? அவ்ளோ பசியா சாமி? முன்னாடியே சொல்றதுக்கென்ன!" என்று உள்ளே ஓடினார்.

இந்த முறை நான் வாயே திறக்கவில்லை. அத்தை கொண்டுவந்து திணித்தது பெரிய பொட்டலம், நான்கு பேர் சாப்பிடலாம். உள்ளே புளிச்சோறு.