பையில் ஒன்று, டியூபில் ஒன்று

ஐ.வி.எஃப், அதாவது வெளியே கரு உண்டாக்கிக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிகிச்சை, தொடங்குமுன் கையெழுத்து வாங்கிய தாள்களில் இரட்டைப்பிள்ளை, குறைப்பிரசவம் எல்லாம் இருந்தது. கர்ப்பப்பையில் ஒரு கரு இருக்கும்போதே டியூபில், அதாவது கருக்குழாயில், இன்னொன்று வளரலாம் என்று ஒரு வரி இல்லை.

சின்ன வயதில் வந்த டி.பி. என் டியூப்களைக் கெடுத்திருந்தது. இரண்டு கரு வைத்தார்கள். கர்ப்பம் தங்கியதைக் காட்டும் பீட்டா எச்.சி.ஜி ரத்தத்தில் நன்றாக ஏறியது. ஆறாம் வார ஸ்கேனில் பைக்குள் துடிப்பு தெரிந்ததும் மைனி திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள். அதன்பிறகு டியூபை யார் நினைப்பார்கள்?

பிறகு அடிவயிற்றில் வலப்பக்கம் பிடித்து இழுத்தது. "முட்டை வளர ஊசி போட்டதுல ஓவரி வீங்கியிருக்கும்மா" என்றார்கள். நம்பக்கூடிய பதில்தான், அப்படி வீங்குவது சகஜம். ஆனால் ராத்திரி தோள்பட்டையும் வலித்தது. அத்தை வாயு என்று பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம்.

"உள்ள பிள்ளை நல்லா இருக்கு. டியூப்லயும் ஒண்ணு இருக்கும்மா" என்றார் ஸ்கேன் டாக்டர். வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

தானாக உண்டாகும் கர்ப்பத்தில் இது சுமார் 30,000-ல் ஒன்று என்பது மருத்துவப் புத்தகக் கணக்கு. ஐ.வி.எஃப்-பில் பல மடங்கு கூடுதல். வைத்த கரு உடனே ஒட்டிக்கொள்வதில்லை. கர்ப்பப்பையின் அசைவில் டியூப் பக்கம் ஒதுங்கலாம், பழுதான டியூப் அதைத் திருப்பி அனுப்பாது. ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது. பையிலிருக்கும் கருவே எச்.சி.ஜி-யை ஒழுங்காக ஏற்றிவிடும்.

டியூபில் மட்டும் கரு என்றால் மெத்தோட்ரெக்சேட் ஊசியில் கரைக்கப் பார்க்கலாம். எனக்குப் போட்டிருந்தால் பையிலிருப்பதும் போயிருக்கும். அதனால் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், கர்ப்பப்பையைத் தொடாமல் அந்த டியூபை எடுத்தார்கள். உள்ளே இருப்பது பிழைக்குமா என்று கேட்டதற்கு, மூன்றில் இரண்டு பேருக்குத் தங்கிவிடும் என்றார் டாக்டர். மீதி ஒருத்தியைப் பற்றித்தான் அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

இப்போது ஐந்தாம் மாதம். "ரெட்டையா வந்திருக்க வேண்டியது" என்று அத்தை இன்னும் எல்லோரிடமும் சொல்கிறார்கள். டியூபில் இருந்தது பிறக்கவே முடியாதது என்று விளக்கி அலுத்துவிட்டது.

என் சிநேகிதிக்கு அடுத்த மாதம் ஐ.வி.எஃப்-பில் கரு வைக்கப்போகிறார்கள். ஒரு கரு போதும் என்று சொல்லிவிட்டாளாம். முதல் ஸ்கேனில் இரண்டு பக்க டியூபையும் பார்க்கச் சொல்லிக் கேள் என்றிருக்கிறேன். ஒன்றே வைத்தாலும் அது டியூபில் போய் உட்காரலாம்.