த்ர்யூஃபெல் ஆண்பால், கரமேல் பெண்பால்: ரஷ்யன் படிப்பவர்களுக்கு

ரஷ்ய மொழித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் வேற்றுமைகளைக் கண்டுதான் மலைக்கிறார்கள். எட்டு வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு ஆறு ஒன்றும் பெரிதில்லை. என்னைப் படுத்தியது பால்தான். தமிழில் உயிரற்ற பொருள் என்றால் அஃறிணை, அதோடு சரி. அங்கே மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால்.

பெரும்பாலான சொற்களுக்குக் கடைசி எழுத்தே பாலைச் சொல்லிவிடும். முன்னெழுத்தின் ஒலியை மென்மையாக்கும் 'ь' என்ற மென்மைக் குறியில் முடியும் சொற்கள்தான் வாய் திறக்காது. மிட்டாய்க் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'த்ர்யூஃபெல்' என்றால் மண்ணுக்கடியில் விளையும் காளான். அதே பெயரில் சாக்லேட்டும் உண்டு. பக்கத்துத் தட்டில் 'கரமேல்'. இரண்டுக்கும் ஒரே முடிவு. ஆனால் ருசியானது என்று சொல்ல முன்னதற்கு 'ஃப்குஸ்னி', பின்னதற்கு 'ஃப்குஸ்னயா'. 'உடன்' என்ற பொருளில் 'த்ர்யூஃபெலெம்', 'கரமேல்யு' என்று பிரிந்துபோகும். பால் தெரியாவிட்டால் வேற்றுமை உருபும் தவறும், பெயரடையும் தவறும். டோர்ஃபில் (TORFL) என்ற ரஷ்ய மொழித் தகுதித் தேர்வின் இலக்கணப் பகுதியில் நான்கு விடைகளும் ஒரே பெயரடையின் வடிவங்களாக நிற்கும்போது இது உயிர்ப் பிரச்சினை.

அதனால் நோட்டில் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். 'ஃப்குஸ்னி த்ர்யூஃபெல்', 'ஃப்குஸ்னயா கரமேல்' என்று பெயரடையோடு எழுதி, வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ஆ', 'பெ' என்று ஓரத்தில் குறிப்பதைவிட இது பல மடங்கு நிற்கிறது. தேர்வறையில் காது தானாகவே சரியான விடையைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு உதவி: 'கர்த்தோஃபெல்', அதாவது உருளைக்கிழங்கு, இதுவும் ஆண்பால். இத்தாலியில் த்ர்யூஃபெலைக் குறித்த ஒரு சொல்தான் ஜெர்மன் வழியாக உருளைக்கிழங்குக்குப் பெயராகி ரஷ்யனுக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யலாம்.

உக்ரைனியனும் படிப்பவர்களுக்கு: 'த்ர்யூஃபெல்' என்ற சொல்லின் எழுத்துக்கூட்டு அங்கும் அதேதான், பாலும் அதேதான். உச்சரிப்பில் மட்டும் கவனம் வேண்டும். ரஷ்யனில் 'ஃப'கரம் மென்மையாகி 'ஃப்யெ' என்று ஒலிக்கும். உக்ரைனியனில் நேராக 'ஃபெ'. பன்மையில் ஐந்து என்று எண்ணும்போது ரஷ்யனில் 'த்ர்யூஃபெலெய்', உக்ரைனியனில் 'த்ர்யூஃபெலிவ்'.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி ஒத்துப்போகாது. உருளைக்கிழங்கு உக்ரைனியனில் 'கர்த்தோப்ல்யா', பெண்பால். வலி ரஷ்யனில் பெண்பால், உக்ரைனியனில் ஆண்பால். புல்வெளியைக் குறிக்கும் 'ஸ்தெப்' சொல்லும் அப்படியே. இப்படி மாறும் சொற்களுக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்கி, இரண்டு மொழிப் பெயரடைகளையும் எதிரெதிரே எழுதி வையுங்கள்.