குடியை விடத் தங்கிய இல்லம்: எங்களுக்கு ஆன செலவு

"மாதம் 550 வெள்ளி, ஒரு மாத முன்பணம்" என்று, சிங்கப்பூரில் குடியை நிறுத்த நான் சேர்ந்த இல்லத்தில் சொன்னார்கள். என் மனைவி தன் நோட்டுப் புத்தகத்தில் அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக்கொண்டாள். செலவு அவ்வளவுதான் என்று இருவருமே நம்பினோம். இன்று என்னிடம் விசாரிப்பவர்களும் கட்டணம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்களைத் திணறடித்தது அந்த 550 வெள்ளி இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இல்லத்துக்குள் போகும் முன்பே ஒரு செலவு உண்டு. பல வருடம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு விட்டுவிடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்த்து அனுப்பினால்தான் சேர்ப்போம் என்று இல்லத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஈசூன் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு புவாங்கோக்கில் உள்ள மனநலக் கழகத்துக்குப் போனேன். இரண்டு வாரம் வார்டில் இருந்தேன். கடிதம் இல்லாமல் நேரே போயிருந்தால் மானியம் கிடைப்பது சிக்கலாகியிருக்கும். குடிப்பழக்கத்தால் வரும் சிகிச்சைக்கு, அரசின் மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் முன்பெல்லாம் பணம் தராது. 2021ல் அந்த விலக்கை நீக்கினார்கள். இது தெரியாமல், "குடிகாரனுக்கு எவன் காசு கொடுப்பான்" என்று கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வார்டை விட்டு வருவதற்கு முன்பே மருத்துவ சமூக சேவையாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இல்லம் தேடியபோது அக்காதான் போன் மேல் போன் போட்டு விசாரித்தார். தனியார் மையம் ஒன்றில் ஐந்து இலக்கத் தொகை சொன்னார்கள், அதோடு அந்தப் பேச்சை விட்டோம். பணமே வாங்காத இல்லங்களும் உண்டு. தி ஹெல்ப்பிங் ஹேண்ட் போன்ற இடங்களில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில், மரச்சாமான் விற்பனை எல்லாம் நடத்தி அந்த வருமானத்தில் செலவைச் சமாளிக்கிறார்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் பல, கிறிஸ்துவ அமைப்புகள் நடத்துபவை. ஜெபமும் பைபிள் வகுப்பும் அன்றாடத்தில் சேர்ந்தே இருக்கும். அம்மாவுக்கு அது பெரிய கவலையாக இருந்தது. எனக்கு அதில் தடையில்லை, ஆனால் அக்கா கேட்ட இடத்தில் அப்போது படுக்கை காலியில்லை. காத்திருந்தால் திரும்பக் குடித்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. அதனால்தான் கட்டணம் வாங்கும் இல்லத்துக்குப் போனேன்.

அந்த 550ல் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, குழுவாக உட்கார்ந்து பேசும் வகுப்புகள் அடங்கும். மருந்து, மருத்துவமனைக்குப் போகவர பஸ், சோப்பு, போன் கார்டு எல்லாம் நம் கையிலிருந்து. மாதத்துக்கு 90 வெள்ளி வரை ஆனது. இடையில் சொல்லாமல் வெளியேறினால் முன்பணம் திரும்பாது என்று தாளில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அந்த வரியை நான் படிக்கவில்லை.

உண்மையான அடி வீட்டில் விழுந்தது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன், வேலை போய்விட்டது. சம்பளம் நின்றால், மாதாமாதம் சம்பளத்தோடு சேரும் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் பணம் வருவதும் நிற்கும். எங்கள் ஈரறை வீட்டுக் கடனின் மாதத் தவணை 480 வெள்ளி அந்தக் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. மாதாமாதம் கையில் கொடுத்ததில்லை என்பதால் அதைச் செலவு என்றே நாங்கள் நினைத்ததில்லை. வீடு வாங்கியபோதே சேமிப்பில் பெரும்பகுதி கரைந்திருந்தது. இரண்டாவது மாதத்தில் பணம் போதவில்லை என்று கடிதம் வந்தது. மனைவி பாலர் பள்ளியில் சமையல் வேலை செய்கிறாள். அவள் சம்பளத்தில் நகர மன்றப் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், மகளின் பள்ளிச் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அப்புறம் இந்தத் தவணை வேறு.

ஏழாவது வாரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன், மனதார நம்பித்தான் சொன்னேன். ஒன்பதாவது நாள் குடித்தேன். முன்பணம் போனது, கட்டிய மாதத்தில் மிச்சமிருந்த நாட்கள் போயின, மறுபடியும் வார்டு, அதற்கொரு பில். பணத்தை மிச்சம் பிடிக்க வெளியே வந்ததில் ஏறக்குறைய 1,300 வெள்ளி கூடுதலாகச் செலவாகியிருந்தது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டிப் போட்டு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

இரண்டாம் முறை சேருவதற்கு முன்பு, வீட்டைச் சரி செய்துவிட்டுத்தான் போவது என்று முடிவெடுத்தோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கிளை அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். நிலைமையை மறைக்காமல் சொன்னோம். சில மாதங்களுக்குத் தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். சமூக சேவை அலுவலகத்தில், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் காம்கேர் உதவிக்கு விண்ணப்பித்தோம். குடும்பச் சேவை நிலையத்துச் சமூக ஊழியர் தாள்களைப் பூர்த்தி செய்யக் கூட உட்கார்ந்தார். இரண்டு இடத்திலும் நான் இல்லத்தில் சேர்வதற்கான கடிதத்தைக் கேட்டார்கள். சேரும் நாளிலேயே இரண்டு மூன்று பிரதிகள் வாங்கி வீட்டில் கொடுத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு ஒரு கடிதம் வெளியே வர ஒரு வாரம் ஆகும்.

வீட்டில் பணம் எப்படியோ ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் வகுப்பில் மற்றவர் பேசுவது என் காதில் ஏறியது. முதல் ஏழு வாரமும் நான் மனதுக்குள் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காவது மாதம் வெளியே வேலைக்குப் போக விட்டார்கள். செனோக்கோவில் ஒரு கிடங்கு. மாலை ஏழுக்குள் திரும்ப வேண்டும், வாசலில் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். சம்பளம் வீட்டுக்குப் போனது, என் கைக்கு வாரம் 50 வெள்ளி. கையில் பணம் இருப்பது எனக்கு எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்கே தெரியும், அதனால் அந்த விதியை நான் எதிர்க்கவில்லை. மத்திய சேம நிதியும் மறுபடி ஏற ஆரம்பித்தது.

ஆறு மாதம் முடிந்ததும் போகலாம் என்றார்கள். எங்கள் புளோக்கின் கீழேயே காப்பிக்கடை, வேலை முடிந்து வருகிறவர்கள் பியரோடு உட்காரும் மேசைகளைத் தாண்டித்தான் மின்தூக்கிக்குப் போக வேண்டும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறேன் என்று மனைவியிடம் கேட்டேன். 1,100 வெள்ளி ஆகும். "இருங்க, இந்தத் தடவை நடுவுல வந்துடாதீங்க" என்றாள்.

வெளியே வந்த அன்று முன்பணம் முழுதாகத் திரும்பக் கிடைத்தது. பராமரிப்புக் கட்டண நிலுவையை அன்றே அடைத்துவிட்டு, மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்கினோம்.