மலைக்கு ஒரு வண்டி: நாட்குறிப்பு

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

மலைப்பாதைக்கு ஒரு பைக் வாங்கப் பார்க்கிறேன், இந்த நேரத்தில் ஜிஎஸ்டி மாற்றம் 22-ஆம் தேதி அமலுக்கு வருகிறது. 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைகிறது. அதற்கு மேலே உள்ளவற்றுக்குச் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஷோரூம் விலை ஒன்றரை லட்சம் என்றால் பன்னிரண்டாயிரம் பக்கம் குறையும். மூன்று லட்ச ரூபாய் வண்டிக்கோ இருபதாயிரத்துக்கு மேல் கூடும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ இதோடு விட்டுவிட்டேன். அருமையான வண்டி. 452 சிசி, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க். லடாக் போகிறவர்கள் அதை விரும்புவது நியாயம்தான். ஆனால் சேலத்தில் இருக்கும் எனக்குக் கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, நாலு நாள் லீவு கிடைத்தால் கர்நாடகப் பக்கம். இந்தப் பாதைகளில் அந்த வேகத்துக்கு இடமே இல்லை. மிச்சமாகும் பணத்தில் வருஷம் முழுக்கப் பெட்ரோல் போடலாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று வண்டிகளில் ஏறி இறங்கியாயிற்று. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், அதனால் முதல் கேள்வியே கால் எட்டுமா என்பதுதான்.

பழைய ஹிமாலயன் 411 செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. சீட் உயரம் 800 மில்லிமீட்டர்தான், இரண்டு பாதமும் ஓரளவு படிகிறது. எடையோ 200 கிலோவை ஒட்டி. சமதளத்தில் அது தெரியவில்லை. கொஞ்சம் சரிவான இடத்தில் ரிவர்ஸில் தள்ளிப் பார்த்தேன், அப்போது தெரிந்தது.

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 250 சிசி, 167 கிலோ. ஹைவேயில் மூன்றிலும் இதுதான் சுகம். அலாய் வீல், ட்யூப்லெஸ் டயர் என்பதால் பங்க்சர் ஆனாலும் வழியிலேயே அடைத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். தார் ரோட்டை விட்டு அதிகம் இறங்காதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யின் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். விரல் நுனிதான் தரையைத் தொடுகிறது. ஆனால் 160 கிலோகூட இல்லை. சாயும்போது ஒரு காலால் தாங்க முடிகிறது. பயத்தைக் குறைப்பது சீட் உயரத்தைவிட எடைதான் என்பது இந்த மூன்றையும் ஓட்டிய பிறகுதான் புரிந்தது.

ஒரு ஷோரூமில், “வண்டி சாருக்கா மேடம்?” என்று கேட்டார்கள். எனக்கு என்றதும் ஸ்கூட்டர் இருக்கும் பக்கம் கூட்டிப் போனார்கள். இது மாற வேண்டும். உயரம் குறைவானவர்களும் பெண்களும் இந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கக் கேட்டால் சாவியை முதலில் கொடுங்கள்.

செப்டம்பர் 27, சனி

எக்ஸ்பல்ஸுக்கு முன்பணம் கட்டிவிட்டேன், புது வண்டிதான். செகண்ட் ஹேண்டிலும் பார்த்தேன். ஆர்சி புத்தகத்தில் கடன் கொடுத்த பைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது, கடன் தீர்ந்ததற்கான என்ஓசி பிறகு வாங்கித் தருகிறேன் என்றார் விற்றவர். ஹெச்பி, அதாவது அந்தக் கடன் பதிவு, கேன்சல் ஆகாத வண்டிக்கு முழுப் பணம் கொடுக்கக் கூடாது. அப்புறம் இந்த மாதிரி வண்டிகளில் ஸ்போக் தளர்ந்திருக்கிறதா, ரிம் நெளிந்திருக்கிறதா, முன்பக்க சஸ்பென்ஷனான போர்க்கின் சீலில் எண்ணெய் கசிகிறதா, ஹேண்டில் திருப்பும்போது அதன் பேரிங்கான கோன்செட் இடறுகிறதா என்று பார்க்க வேண்டும். மலையில் எப்படி ஓட்டியிருக்கிறார்கள் என்பதை இந்த நாலும் சொல்லிவிடும்.

அக்டோபர் 12, ஞாயிறு

சீட் கடையில் ஸ்பாஞ்சை ஒரு அங்குலம் செதுக்கிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு முன்பாதமும் படிகிறது. வண்டியையே தாழ்த்தும் விலையுயர்ந்த லோயரிங் கிட் எதுவும் தேவைப்படவில்லை. அது தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியையும் குறைக்கும், அப்புறம் இந்த வண்டி எதற்கு?

சாமான் வைக்க அலுமினியப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் துணி சேடில் பேக் வாங்கினேன். எடை குறைவென்று வண்டியைத் தேடி எடுத்துவிட்டு, அதன் மேல் இரும்புச் சட்டமும் பெட்டியும் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியரிலேயே. 19 குதிரைத்திறன் போதவில்லை என்று ஓர் இடத்திலும் தோன்றவில்லை. சேலத்திலிருந்து வரும் நாலுவழிச் சாலையில் 80, 85-க்கு மேல் போனால்தான் இன்ஜின் திணறுகிறது. ஐந்து கியர்தான், ஆறாவது இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

செம்மேடு தாண்டி ஊருக்குள் போகும் மண்பாதையில், மழைச் சேற்றில் முன்சக்கரம் வழுக்கி வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. வேகம் இல்லாததால் அடியில்லை. சுற்றிலும் ஆளில்லை. இன்ஜினை நிறுத்தி, வண்டியை கியரிலேயே விட்டு, சைடு ஸ்டாண்டை முதலில் விரித்துவிட்டேன். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் அந்தப்பக்கம் விழும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்பக்கக் கம்பியில், முதுகை வளைக்காமல் காலால் உந்தி எழுந்தேன். ஒரே முயற்சியில் நின்றது. 200 கிலோவாக இருந்தால் யாராவது வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

சேந்தமங்கலத்துக்கு முன்னால் முன்சக்கரம் பங்க்சர். ஸ்போக் வீல், ட்யூப் டயர். கடை அண்ணன் சக்கரத்தைப் பார்த்ததும், “21 இஞ்சு ட்யூப் இங்கெல்லாம் கிடைக்காதும்மா, கையிலேயே வச்சுக்கோ” என்றார். வைத்திருந்தேன். பின்சக்கரம் 18 அங்குலம்தான், ஆனால் ஆபத்துக்கு 21 ட்யூபையே மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாம் என்று அவரே சொன்னார். ஒரே ட்யூப் இரண்டுக்கும். இந்த வண்டியை வாங்குகிறவர்கள் முதல் நாளே ஒன்று வாங்கிவிடுங்கள், கூடவே டயரைக் கழற்றும் லீவர் இரண்டு, ஒரு கிளட்ச் கேபிள்.

மைலேஜ் லிட்டருக்கு 38 பக்கம் நிற்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் ஓட்டினால் உடனே, செயினைத் துடைத்து செயின் லூப் (மசகு) அடிக்கிறேன். செலவு அவ்வளவுதான். பொங்கல் லீவில் அந்தியூர், பர்கூர் வழியாக மாதேஸ்வரன் மலை. காட்டுப்பாதை என்பதால் இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.